சின்னத்திரையில் அமெரிக்கக் கட்சி அரசியல்: நன்னூல் வழி ஒரு நோக்கு

முன்னுரை

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் இந்தியப் பண்டங்கள் பலவற்றின்மீது அமெரிக்க அரசு விதித்த கூடுதல் இறக்குமதி வரி 50 விழுக்காடாயிற்று. வாஷிங்டனில் இடப்பட்ட ஒரு கையொப்பம் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் பதனிடுவோர் வாழ்வையும், திருப்பூரில் பின்னலாடை தைப்போர் வாழ்வையும் தொட்டது. தமிழ்நாட்டின் பண்ட ஏற்றுமதியில் 31 விழுக்காடு அமெரிக்கா செல்வதாகத் தமிழக முதல்வர் அதே மாதம் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் சுட்டினார். தோல் தொழிலில் நம் சமுதாயப் பெரியோர் பலர் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டு வருவதும், அத்தொழிலின் வருவாயால் பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்ததும் நாம் அறிந்தவையே. எனவே அமெரிக்கக் கட்சி அரசியல் இனி நமக்கு அயலார் வீட்டுச் செய்தியன்று; நம் வீட்டு அடுப்போடு தொடர்புடைய செய்தியாகும்.

இச்செய்தியை நம்மில் பெரும்பாலோர் எவ்வாறு அறிந்தோம்? தொலைக்காட்சி வழியாகவே. நூலைப் படிப்பவர் ஐயம் எழுந்தால் முன்பக்கம் புரட்டலாம். திரையில் ஓடும் சொல்லோ நிற்பதில்லை. அதனால் அச்சொல்லை எடைபோடும் பயிற்சி கேட்பவர்க்கு வேண்டும். அசோக் நகர்ப் பகுதியில் மாலை வேளைகளில் கூடிப் படிக்கும் மாணவர் சிலரோடு தொலைக்காட்சி உரையாடல்களைக் குறிப்பெடுத்துக் கேட்டபோது, அத்தகைய அளவுகோல் ஒன்று நம் பாடநூலிலேயே இருப்பதை உணர்ந்தோம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், ஒரு நூலில் நேரக்கூடிய பத்துக் குற்றங்களைத் தொகுத்துரைக்கிறது; கருத்து மாறுபாட்டை எதிர்கொள்ளும் எழுவகை மதங்களையும், பாடம் கேட்போரின் வகைகளையும் சொல்கிறது. தேர்வுக்காக மனனம் செய்யும் இப்பகுதிகளைத் தொலைக்காட்சித் திறனுரைகளுக்கு, குறிப்பாக அமெரிக்கக் கட்சிகளையும் பொருளியல் கொள்கையையும் பற்றிய உரைகளுக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரை வந்த வழி

அமெரிக்க அதிபர் தேர்தலில் பெருங்கட்சி வேட்பாளர் இருவர் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் வாதிட்டது முதன்முதலாக 1960 செப்டம்பர் 26ஆம் நாள் சிகாகோ நகரில் ஆகும். ஜான் கென்னடியும் ரிச்சர்டு நிக்சனும் அன்று உள்நாட்டுக் கொள்கை பற்றி உரையாடினர். திரையில் கண்டோர் கென்னடி வென்றார் என்றும், வானொலியில் கேட்டோர் நிக்சன் வென்றார் என்றும் கருதியதாக ஒரு செய்தி இன்றளவும் சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது மிகச் சிறிய கருத்துக்கணிப்பு ஒன்றேயாகும். ஆய்வாளர் பலர் அதனை ஐயுற்றுள்ளனர். பலகால் சொல்லப்பட்டதனாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது என்பதற்கு, தொலைக்காட்சி விவாதத்தின் பிறப்புக் கதையே சான்றாக அமைந்துவிட்டது.

அந்நாட்டில் ஒளிபரப்பு உரிமம் பெற்ற நிலையங்கள், பொதுச் சிக்கல்களில் மாறுபட்ட கருத்துகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்னும் நடுநிலை விதி 1949 முதல் நடைமுறையில் இருந்தது. 1987இல் அது கைவிடப்பட்டது. இதற்கிடையே 1980இல் சி.என்.என். என்னும் முழுநேரச் செய்தி அலைவரிசை தோன்றியது. 1982இல் அதில் தொடங்கிய 'கிராஸ்ஃபயர்' நிகழ்ச்சி இடப்பக்கத்தவர் ஒருவரையும் வலப்பக்கத்தவர் ஒருவரையும் எதிரெதிரே அமர்த்தியது. 1996இல் எம்.எஸ்.என்.பி.சி., ஃபாக்ஸ் நியூஸ் ஆகிய அலைவரிசைகள் வந்தன. காலப்போக்கில் நேயர்கள் தத்தம் சார்புக்கேற்ற அலைவரிசையைத் தேர்ந்துகொள்ளும் நிலை உருவாயிற்று. 2004 அக்டோபரில் நகைச்சுவையாளர் ஜான் ஸ்டூவர்ட் 'கிராஸ்ஃபயர்' அரங்கிலேயே அமர்ந்து, இவ்வகை வாதம் நாட்டிற்குக் கேடு செய்கிறது என்று இடித்துரைத்தார். அடுத்த ஆண்டில் அந்நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. 2013இல் மீண்டும் வந்து ஓராண்டளவில் மறைந்தது.

நம் பக்கம் நோக்கின், சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1991 சனவரியில் வளைகுடாப் போர்க் காட்சிகள் சி.என்.என். வழியே நேரடியாக வந்தபோதுதான் அயல்நாட்டு அலைவரிசையின் வலிமையை நம் நகரத்தார் உணர்ந்தனர். 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சியும், 2011இல் புதிய தலைமுறை செய்தி அலைவரிசையும் தோன்றின. மாலைதோறும் நால்வரை அமர்த்தி ஒரு நெறியாளர் வினவும் முறை பிறகு எங்கும் பரவியது. இது நம் பட்டிமன்றத்தின் வளர்ச்சி என்று எண்ணத் தோன்றும். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பட்டிமண்டபம் என்ற சொல்லை அறியும். ஆயினும் பட்டிமன்றத்தில் நடுவர் ஒருவர் இரு தரப்பையும் தொகுத்துத் தீர்ப்புரைப்பார். செய்தி விவாதத்தில் நெறியாளர் நேரம் முடிந்தது என்பார்; தீர்ப்பு நேயர்க்கு விடப்படுகிறது. ஆதலால் நேயர் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே நடுவராக அமர வேண்டிய காலம் இது.

இரு கட்சிகளும் சுங்கமும்

வாதத்தை எடைபோடுமுன் வாதப்பொருளின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். சுங்கம் என்பது தமிழர்க்குப் புதிதன்று. உல்கு என்பது அதன் பழம்பெயர். காவிரிப்பூம்பட்டினத்தில் ஏற்றுமதி இறக்குமதிப் பண்டங்களுக்குச் சுங்கம் கொண்டு புலி முத்திரை இட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. வேந்தனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக உல்கு பொருளைத் திருக்குறளின் 'பொருள் செயல்வகை' அதிகாரம் எண்ணுகிறது. முதற் குலோத்துங்கனோ சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றான். சுங்கம் கொள்வதும் அரசின் கடமை, தவிர்ப்பதும் அரசின் புகழ் என்ற இரு நோக்கும் நம் மரபிலேயே உள.

அமெரிக்காவில் இவ்விரு நோக்கும் இரு கட்சிகளாகப் பிரிந்து நின்றன. 1854இல் தோன்றிய குடியரசுக் கட்சி, வடமாநிலத் தொழிற்சாலைகளைக் காக்கும் பொருட்டு உயர்ந்த சுங்கத்தை ஆதரித்தது. 1890ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் அக்கட்சியைச் சேர்ந்த வில்லியம் மெக்கின்லியின் பெயராலேயே வழங்குகிறது. ஜனநாயகக் கட்சி அதிபர் குரோவர் கிளீவ்லாந்து 1887இல் காங்கிரசுக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தி முழுவதையும் சுங்கக் குறைப்புக்கே ஒதுக்கினார். 1930இல் குடியரசுக் கட்சி அதிபர் ஹூவர் சுமூட்–ஹாலி சுங்கச் சட்டத்தில் ஒப்பமிட்டார். அது கூடாது என ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலறிஞர் முன்னரே விண்ணப்பித்திருந்தனர். பிற நாடுகள் பதிலுக்குச் சுங்கத்தை உயர்த்தின. உலக வாணிகம் மேலும் சுருங்கியது. 1934இல் ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட் காலத்துச் சட்டம் ஒன்று, நாடுகளோடு பேசிச் சுங்கத்தைக் குறைக்கும் வழியைத் திறந்தது.

பின்னர் நிலை தலைகீழாயிற்று. மெக்சிகோ, கனடா நாடுகளோடு தடையற்ற வாணிகம் செய்யும் நாஃப்டா உடன்படிக்கை 1993இல் பிரதிநிதிகள் அவையில் 234க்கு 200 என்ற வாக்குகளால் நிறைவேறியபோது, ஆதரித்தவர்களுள் குடியரசுக் கட்சியினர் 132 பேர். அதிபர் கிளிண்டனின் சொந்தக் கட்சியாகிய ஜனநாயகக் கட்சியினர் 102 பேரே. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு அதற்கு ஒரு காரணம். 2018இல் குடியரசுக் கட்சி அதிபர் டிரம்ப் எஃகின்மீது 25 விழுக்காடு வரி விதித்தார். கட்சி பழைய மெக்கின்லி வழிக்கு மீண்டது. அவருக்குப் பின் வந்த ஜனநாயகக் கட்சி அதிபர் பைடனும் சீனப் பண்டங்களின் மீதான வரிகளைப் பெரும்பாலும் அவ்வாறே விட்டுவைத்தார். 2024இல் சீன மின்மகிழுந்துகளுக்கு வரியை 100 விழுக்காடாக உயர்த்தினார்.

இதனால் பெறப்படுவது யாது? கட்சியின் பெயரைக் கொண்டு அதன் கொள்கையை முடிவு செய்ய இயலாது. எந்தக் காலம், எந்த மாநிலத்து வாக்கு, எந்தத் தொழிலின் நலன் என்பவற்றை வினவ வேண்டும். 'குடியரசுக் கட்சி வணிகர் கட்சி, ஆதலின் தடையற்ற வாணிகத்தையே விரும்பும்' என்று 1995இல் சொல்லியிருந்தால் அது பொருந்தியிருக்கும். 1895இலும் 2025இலும் சொன்னால் பொருந்தாது.

குன்றக் கூறல்: இப்னு கல்தூன் படும் பாடு

சொல்ல வேண்டியதில் ஒரு பகுதியை விட்டுச் சொல்வது குன்றக் கூறல். இதற்கு நாம் காட்டும் சான்று நம் கல்லூரிச் சூழலுக்கு நெருக்கமானது.

வரிவிகிதம் ஓர் எல்லைக்குமேல் உயர்ந்தால் அரசின் வருவாய் குறையும் என்பதை ஒரு வளைகோடாகக் காட்டியவர் ஆர்தர் லாஃபர். 1974இல் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் கைத்துடைப்புத் துணியில் அவர் அதனை வரைந்ததாகக் கூறுவர். இக்கருத்து தமக்கு முன்னரே இப்னு கல்தூனால் சொல்லப்பட்டது என்று லாஃபரே பிற்காலத்தில் எழுதினார். அதிபர் ரீகனும் 1981 அக்டோபர் 1 அன்று நடந்த செய்தியாளர் கூட்டத்தில் இப்னு கல்தூனின் பெயரைச் சொல்லித் தம் வரிக்குறைப்பை நியாயப்படுத்தினார். துனிசில் 1332இல் பிறந்து கெய்ரோவில் 1406இல் மறைந்த அவ்வறிஞர் 1377இல் எழுதிய 'முகத்திமா', வெள்ளை மாளிகையின் வரிக்கொள்கைக்குச் சான்றாயிற்று.

இப்னு கல்தூன் அவ்வாறு சொன்னது உண்மையே. ஓர் அரசு தோன்றும் காலத்தில் வரி சிறிதாயிருந்து வருவாய் பெரிதாயிருக்கும். அது நலியும் காலத்தில் வரி பெரிதாகி வருவாய் சிறிதாகும் என்பது அவர் கண்ட வரலாற்று நெறி. ஆனால் அதே நூலில் அவர் வேறொன்றும் சொல்கிறார். அரசே யாவற்றினும் பெரிய சந்தை, அரசன் பொருளைச் செலவிடாது முடக்கி வைத்தால் சந்தை மந்தமாகும், வாணிகம் குன்றும், அதனால் வரி வருவாயும் குறையும் என்கிறார். முதற்கருத்து வரிக்குறைப்பை வேண்டும் குடியரசுக் கட்சியினர்க்கு உவப்பானது. இரண்டாம் கருத்து அரசின் செலவை வேண்டும் ஜனநாயகக் கட்சியினர்க்கு உவப்பானது. ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் இப்னு கல்தூன் ஒரு கட்சிக்காரராகிவிடுவார். முழுவதையும் படித்தால் அவர் சமுதாய ஆய்வாளராக நிற்பார்.

ரீகன் கால விளைவுகளைச் சொல்லுமிடத்தும் இக்குற்றம் நேர்கிறது. வருமான வரியின் உச்ச விகிதம் 1981இல் 70 விழுக்காடு, 1982இல் 50, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1988இல் 28 ஆயிற்று. 1980இல் 13.5 விழுக்காடாக இருந்த பணவீக்கம் 1983இல் 3 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. ஆதரிப்போர் இவ்வளவில் நிறுத்துவர். எதிர்ப்போர், கூட்டரசின் கடன் 1981இல் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி டாலராக இருந்து 1989இல் மூன்று மடங்கை நெருங்கியதை மட்டும் சொல்வர். 1982இல் ரீகனே சில வரிகளை உயர்த்தியதையும், பணவீக்கம் தணிந்ததில் மைய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் வட்டிவிகிதத்தை மிக உயர்த்தியதற்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் இரு சாராருமே விட்டுவிடுவதுண்டு. ஒவ்வொருவர் சொல்வதும் உண்மை. ஆயினும் ஒவ்வொருவரும் குன்றக் கூறுகின்றனர்.

மாறுகொளக் கூறல்

முன் சொன்னதற்கு முரணாகப் பின் சொல்வது மாறுகொளக் கூறல். 1980ஆம் ஆண்டின் உட்கட்சித் தேர்தலில் ரீகனை எதிர்த்து நின்ற மூத்த ஜார்ஜ் புஷ், ரீகனின் வரித்திட்டத்தை மாந்திரீகப் பொருளாதாரம் என்று எள்ளினார். சில மாதங்களில் அதே ரீகனின் துணை அதிபர் வேட்பாளரானார். 1988 ஆகஸ்டில் கட்சி மாநாட்டில் புதிய வரி எதுவும் விதியேன் என்று உறுதி கூறி அதிபரானார். 1990இல் காங்கிரசோடு உடன்பட்டு வரியை உயர்த்தினார். உச்ச விகிதம் 28இலிருந்து 31 விழுக்காடாயிற்று. 1992 தேர்தலில் அவர் தோற்றபோது அந்த உறுதிமொழிக் காட்சி திரையில் மீண்டும் மீண்டும் ஓடிற்று.

இங்கு மாணவர் நுட்பமாகப் பிரித்தறிய வேண்டிய ஒன்றுண்டு. காரணம் காட்டாது முரணுவது குற்றம். புதிய சான்று கண்டு காரணம் சொல்லி மாறுவது அறிவுடைமை. 1990ஆம் ஆண்டின் உடன்பாடு பற்றாக்குறையைக் குறைக்க உதவியது என்று மதிப்பிடும் பொருளியலறிஞர் உளர். பழைய காட்சியையும் புதிய காட்சியையும் அடுத்தடுத்துக் காட்டும் தொலைக்காட்சி முரணை விளக்குகிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட காரணத்தை அது காட்டுவதில்லை. அக்காரணத்தைத் தேடுவது நேயரின் வேலையாகும்.

வழூஉச் சொல்லும் மயங்க வைத்தலும்

மொழிமாற்றத்தில் நேரும் இடர்களைத் தமிழ்த்துறையினராகிய நாம் சிறப்பாகக் கருத வேண்டும். அமெரிக்காவில் 'லிபரல்' என்ற சொல், அரசு கூடுதலாகச் செலவிட்டு ஏழையர்க்கு உதவ வேண்டும் என்போரைக் குறிக்கும். தமிழில் அதனைத் தாராளவாதி என்கிறோம். 1991க்குப் பின் நம் நாட்டில் வந்த 'லிபரலைசேஷன்' என்பதையோ தாராளமயம் என்கிறோம். அது அரசின் கட்டுப்பாட்டைத் தளர்த்திச் சந்தைக்கு வழிவிடுவதைக் குறிக்கும். எனவே 'அமெரிக்கத் தாராளவாதிகள்' என்று கேட்டவுடன் தாராளமயத்தை ஆதரிப்போர் என்று நம் நேயர் கொள்வாராயின் பொருள் முற்றிலும் தலைகீழாகிவிடும்.

நிறமும் மயக்கம் தரும். 2000ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் அமெரிக்கத் திரைகளில் சிவப்பு குடியரசுக் கட்சிக்கும் நீலம் ஜனநாயகக் கட்சிக்கும் உரியவையாக நிலைத்தன. சிவப்பு என்றால் பொதுவுடைமையர் என்று கண்டு பழகிய தமிழ் நேயர்க்குச் சிவப்பு மாநிலம் என்னும் தொடர் வேறு பொருள் தருவதில் வியப்பில்லை.

'அமெரிக்க அரசு முடங்கியது' என்ற செய்தி இன்னொன்று. 1995–96இலும், 2018–19இல் 35 நாட்களும், 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்களும் அவ்வாறு நேர்ந்தது. நம் நாடாளுமன்ற முறையில் நிதி ஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் தோற்றால் அமைச்சரவையே விலக நேரும். அங்கு அதிபரின் பதவிக்காலம் நிலையானது, காங்கிரசு பணம் ஒதுக்காவிடில் அலுவலகங்கள் பல மூடப்படும், ஊழியர் ஊதியமின்றி இருப்பர், ஆட்சி கவிழாது. இவ்வேறுபாட்டை விளக்காது 'முடக்கம்' என்ற சொல்லை மட்டும் பெயர்ப்பது மயங்க வைத்தலாகும்.

பற்றாக்குறை வேறு, கடன் வேறு என்பதும் இவ்வகையே. ஓராண்டில் வரவைவிடச் செலவு மிகுவது பற்றாக்குறை. ஆண்டாண்டாகச் சேர்ந்து நிற்பது கடன். 1998 முதல் 2001 வரை நான்கு நிதியாண்டுகளில் அமெரிக்கக் கூட்டரசுக்கு உபரி இருந்தது. ஆனால் கடன் தீர்ந்துவிடவில்லை. அவ்வுபரிக்குரிய பெருமையை அதிபர் கிளிண்டனுக்கு ஒரு கட்சியும், 1995 முதல் காங்கிரசைத் தன் வயம் வைத்திருந்ததற்காகத் தனக்கே மறு கட்சியும் உரிமை கொண்டாடுவதை இன்றும் விவாதங்களில் கேட்கலாம்.

மற்றொன்று விரித்தல்

எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்கிக் கூறுவது மற்றொன்று விரித்தல். 2020, 2024 தேர்தல்களில் நம் அலைவரிசைகளின் ஒளிப்படக் கருவிகள் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தை நோக்கி விரைந்தன. கமலா ஹாரிசின் தாய்வழிப் பாட்டனார் பி.வி. கோபாலனின் பூர்வீக ஊர் அது. தாயார் சியாமளா கோபாலன் 1958இல் இந்தியாவிலிருந்து பெர்க்லி பல்கலைக்கழகம் சென்றவர். 2021 சனவரியில் கமலா ஹாரிஸ் துணை அதிபரானது தமிழர்க்கு மகிழ்ச்சி தந்தது இயல்பே. ஊர்க்கோயில் வழிபாடும் வெடியும் இனிப்பும் திரையில் நிறைந்தன.

ஆனால் 2024 தேர்தலில் அவர் முன்வைத்த பொருளியல் திட்டம் யாது? முதல்வீடு வாங்குவோர்க்கு 25,000 டாலர் வரை உதவி, மளிகைப் பொருள்களின் அளவிறந்த விலையேற்றத்திற்குத் தடை என்பன அவற்றுட் சில. எதிர்நின்ற டிரம்ப், எல்லா நாட்டு இறக்குமதிக்கும் 10 முதல் 20 விழுக்காடு வரையும், சீனப் பண்டங்களுக்கு 60 விழுக்காடும் வரி விதிப்பதாக மேடைதோறும் சொல்லி வந்தார். திருப்பூருக்கும் ஆம்பூருக்கும் உரிய செய்தி இதுவே. துளசேந்திரபுரத்திற்குத் தந்த நேரத்தில் ஒரு பங்கை இதற்குத் தந்திருந்தால், 2025இல் வந்த வரி எதிர்பாராத இடியாக நம் மக்களுக்குத் தோன்றியிராது. உறவு பாராட்டுதல் தவறன்று. ஆயினும் உறவு கொள்கைக்கு ஈடாகாது.

யார் செலுத்தும் வரி?

எங்களோடு நிகழ்ச்சிகளைக் கேட்ட மாணவர் ஒருவர், 'ஐயா, இந்த 50 விழுக்காட்டை யார் யாருக்குச் செலுத்துகிறார்?' என்று வினவினார். விவாதங்களில் 'இந்தியா 50 விழுக்காடு வரி கட்ட வேண்டும்' என்ற தொடர் அடிக்கடி ஒலித்ததே அவ்வினாவுக்குக் காரணம். இறக்குமதி வரியை அமெரிக்க இறக்குமதியாளர் அமெரிக்கச் சுங்கத்துறைக்குச் செலுத்துகிறார். இந்தியா அதனைச் செலுத்துவதில்லை. எனினும் 'அப்படியானால் நமக்கு இழப்பில்லை' என்று முடிப்பதும் பிழையாகும். ஒரு கணக்கால் விளக்குவோம்.

ஆம்பூர்க் காலணி ஒரு சோடி அமெரிக்கத் துறைமுகத்தில் 2,000 ரூபாய் மதிப்புடையது என்க. வழக்கமான சுங்கத்தை நீக்கிக் கூடுதல் வரியை மட்டும் கணக்கிடின், 50 விழுக்காட்டால் இறக்குமதியாளருக்கு அடக்கம் 3,000 ரூபாயாகும். அதே மதிப்புடைய வியட்நாம் காலணிக்கு 2025 ஆகஸ்டில் விதிக்கப்பட்டது 20 விழுக்காடு. அடக்கம் 2,400 ரூபாய். வாங்குபவர் வியட்நாம் பக்கம் சாய்வார். அவரை நிறுத்த வேண்டுமாயின் ஆம்பூர் உற்பத்தியாளர் தம் விலையை 1,600 ரூபாயாகக் குறைக்க வேண்டும். அப்போதுதான் வரியோடு 2,400 ஆகும். சோடிக்கு 400 ரூபாய் விட்டுக்கொடுக்கும் ஆதாயம் எத்தனை பட்டறைகளுக்கு உண்டு? விட்டுக்கொடுத்தால் அச்சுமை கூலியில் விழும். விடாவிட்டால் வேலையே குறையும். ஆகவே 2025இல் நம்மை வருத்தியது 50 என்ற எண் மட்டுமன்று. போட்டி நாட்டுக்கும் நமக்கும் அப்போது இருந்த 30 விழுக்காடு வேறுபாடே பெரிதும் வருத்தியது. வங்கதேசத்திற்கும் அப்போது 20 விழுக்காடே விதிக்கப்பட்டது என்பதைத் திருப்பூரார் நன்கு அறிவர்.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. அமெரிக்க அரசியலமைப்பு வரி விதிக்கும் உரிமையைக் காங்கிரசுக்கே தந்துள்ளது. 1977ஆம் ஆண்டின் நெருக்கடிநிலைப் பொருளியல் அதிகாரச் சட்டத்தை ஆதாரமாகக் காட்டி அதிபர் 2025இல் இவ்வரிகளை ஆணையிட்டார்; அமெரிக்க வணிகர் சிலரே அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். 'அமெரிக்கா செய்தது' என்று ஒரு சொல்லில் முடிப்பது அந்நாட்டினுள்ளே நிகழ்ந்த இவ்வழக்கை மறைத்துவிடும்.

எழுவகை மதமும் அசோகர் கல்வெட்டும்

மாற்றுக் கருத்தை எதிர்கொள்ள நன்னூல் ஏழு நெறிகளைக் காட்டுகிறது. ஏற்கத்தக்கதை ஏற்பது, தகாததை மறுப்பது, பிறர் கருத்தை முதலில் ஒப்பி ஆராய்ந்து பின் களைவது, தானே ஒன்றை நாட்டி நிறுவுவது, இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிவது என அவை விரியும். இன்றைய விவாத அரங்குகளில் நாம் பெரிதும் காண்பன இரண்டே: மறுத்தலும் பிறர் குற்றம் காட்டலும். 'இக்கூற்றில் எதிர்த்தரப்பார் சொல்வது சரி' என்று உடன்பட்டுத் தொடங்குவோரைக் காண்பது அரிது. உடன்படலையும் ஒரு மதமாக, அதுவும் முதல் மதமாக வைத்த பவணந்தியாரின் நுண்ணறிவு போற்றத்தக்கது.

அசோக் நகரில் நூறடிச் சாலை வழியே செல்வோர் நான்முகச் சிங்கத்தைத் தாங்கிய தூணைக் காண்கின்றனர். வடபழனியிலிருந்து வருவோர்க்கும் கிண்டியிலிருந்து வருவோர்க்கும் நான்கு சிங்கங்களும் ஒருசேரத் தெரிவதில்லை. எப்பக்கம் நின்று நோக்கினும் ஒன்று மறைந்தே இருக்கும். அத்தூணுக்குப் பெயர் தந்த பேரரசர் தம் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டில் நாவடக்கத்தை வலியுறுத்துகிறார். தம் நெறியைத் தகாத இடத்தில் உயர்த்துவதும் பிறர் நெறியைக் காரணமின்றித் தாழ்த்துவதும் தம் நெறிக்கே ஊறு செய்யும். ஒருவர் மற்றவர் கொள்கையைக் கேட்டறிய வேண்டும் என்பது அதன் கருத்து. கட்சிகளின் காலத்துக்கு இருபது நூற்றாண்டுகளுக்கு முன்னர்ச் சமயங்களை நோக்கிச் சொல்லப்பட்ட இவ்வறம் இன்றைய விவாத அரங்கிற்கும் பொருந்துகிறது.

காண்போர் இயல்பும் பயிற்சியும்

குறை சொல்வோரிடம் மட்டுமன்று, கேட்போரிடமும் உண்டு. நன்னூல் மாணாக்கரை மூவகையாக்கி உவமை காட்டும். செடிதோறும் ஒரு வாய் மேய்ந்து ஓடும் ஆடு, அலைவரிசை தோறும் ஒரு நொடி நின்று தாவும் நேயருக்கு உவமையாகும். நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் நெய்யரி, கொள்கையை மறந்து வசைச்சொல்லை மட்டும் நினைவில் கொள்வார்க்கு உவமையாகும். சொன்னதையே சொல்லும் கிளி, கேட்ட செய்தியை ஆராயாது பிறர்க்கு அனுப்புவோரை நினைவூட்டும். பாலையும் நீரையும் பிரித்துண்ணும் அன்னமும், கிடைத்த இடத்தில் நிறைய மேய்ந்து பின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் ஆவும் முதல் மாணாக்கர்க்கு உவமைகள். தொலைக்காட்சி நேயர்க்கு இன்று பெரிதும் வேண்டப்படுவது ஆவின் இயல்பே. கேட்டதைத் திரை அணைந்தபின் அசைபோட வேண்டும்.

இதற்கெனப் பின்வரும் பயிற்சியை மாணவர்க்குப் பரிந்துரைக்கிறோம்.

1. ஒரு நிகழ்ச்சியைக் கேட்கும்போது சொல்லப்படும் எண்களை மட்டும் எழுதுக. ஒவ்வோர் எண்ணுக்கும் எந்த ஆண்டு, எதில் எத்தனை பங்கு என்று வினவுக.

2. பேசுவோர் ஒவ்வொருவரும் விட்டுவிட்டது யாது என்பதை ஒரு வரியில் குறிக்க. இது குன்றக் கூறலைக் காணும் பயிற்சி.

3. கட்சிப் பெயர் வருமிடமெல்லாம் அதனை நீக்கிவிட்டுக் கருத்தை மட்டும் படித்துப் பார்க்க. அப்போதும் ஏற்கத் தோன்றினால் அது கருத்தின் வலிமை. இல்லையேல் அது சார்பின் வலிமை.

4. கலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் அந்நாட்டில் என்ன பொருள், நம் நாட்டில் என்ன பொருள் என இரு பத்தியாக எழுதுக.

5. நாம் உடன்படாத தரப்பின் வாதத்தை, அத்தரப்பினரே ஒப்பும் வண்ணம் ஐந்து வரியில் எழுதுக. இதனைச் செய்ய இயன்ற பின்னரே மறுக்கத் தொடங்குக.

முடிவுரை

தோல் தொட்டியில் உழைக்கும் தந்தையின் மகனும் பின்னலாடை தைக்கும் தாயின் மகளும் நம் வகுப்பறைகளில் அமர்ந்துள்ளனர். அவர்கள் இல்லத்து வருவாய் அமெரிக்கக் காங்கிரசின் ஒரு வாக்கினாலும் அதிபரின் ஓர் ஆணையாலும் கூடிக் குறைகிறது. அவ்வாக்கையும் ஆணையையும் பற்றிய பேச்சைத் தெளிவாகக் கேட்கும் திறன் அவர்களுக்குத் தேவை. பொருளியல் துறையினர் அதன் கணக்கைக் கற்பிப்பர். அப்பேச்சின் சொல்லையும் வாதத்தையும் எடைபோடக் கற்பிக்கும் கடமை நம்முடையது. நன்னூலின் பாயிரத்தைத் தேர்வு முடிந்ததும் மூடி வைக்காமல், மாலைச் செய்தியின்போது அருகில் வைத்துக்கொள்ளுமாறு மாணவரை வேண்டுகிறோம். பெரியோர்களும் தம் இல்லங்களில் இளையோரோடு அமர்ந்து கேட்டு, நிகழ்ச்சி முடிந்தபின் கால் மணி நேரமேனும் அதுபற்றி உரையாடுவாராயின் இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும்.